லாண்டரிக்காரரை வில்லனாக்க முடியவில்லை

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதையை அக்காவிடமிருந்து சுட்டேன். அவள் அறிவியல் டீச்சர். பள்ளிக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலைப் பற்றிப் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் இந்தப் பக்கம் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன்.

முதல் தொடக்கம்: ‘நுரை பொங்கும் கறுத்த வாய்க்காலின் கரையில், கல்நெஞ்சக்கார லாண்டரி முதலாளி…’

(இதை அடித்து நீக்கவில்லை. என் புத்தி போன போக்கை நீங்களும் பாருங்கள்.)

2

நகராட்சி அந்த வாய்க்காலைக் கான்கிரீட் போட்டு மூடப்போவதாக நோட்டீஸ் ஒட்டியிருந்தது. செத்த வாய்க்காலாம். ஏழு மாதத்துக்குள் அதில் உயிர் இருக்கிறதென்று காட்டினால் விட்டுவிடுவார்கள். அக்காவின் மாணவர்கள் எட்டு இடங்களில் தண்ணீரைச் சோதித்தார்கள். லாண்டரிக் குழாய் விழும் இடம்தான் படுமோசம். முடிவைப் பள்ளி வாசலில் ஒட்டினார்கள்.

மறுநாள் லாண்டரிக்காரர் வகுப்புக்கே வந்துவிட்டார். நான் ஒரு சண்டைக் காட்சி எழுதத் தயாரானேன். ‘அவர் கண்கள் சிவக்க…’

அவர் கையில் ஒரு பக்கெட்.

“டீச்சர், மெஷின்லேர்ந்து நேரா பிடிச்ச தண்ணி. என் முன்னாடியே பாருங்க. நிஜமாவே அவ்வளவு மோசமா?”

பார்த்தார்கள். அதைவிட மோசம்.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாராம். “சரி, என்ன பண்ணணும்? சொல்லுங்க, செய்றேன்.”

3

கடைக்குப் பின்னால் குழி வெட்டி, சரளையும் மணலும் நிரப்பி, கோரை நட்டார்கள். கழிவுநீர் அதில் வடிந்த பிறகுதான் வாய்க்காலுக்குப் போகும். தெருக்காரர்கள் ஞாயிறுதோறும் குப்பை அள்ளினார்கள். மாணவர்கள் வாராவாரம் அளந்தார்கள்.

“வில்லன் இல்லாம எப்படிக்கா கதை எழுதறது?”

“பேசாம மண்வெட்டி பிடிக்க வாடா.”

(போனேன். உள்ளங்கையெல்லாம் கொப்புளம். இந்தப் பகுதி சின்னதாக இருப்பதற்கு அதுதான் காரணம்.)

4

ஆய்வு நாள். வெள்ளைத் தட்டில் ஊர்ந்த தும்பிக் குஞ்சை நகராட்சிப் பொறியாளர் குனிந்து பார்த்தார். தும்பி பறப்பதற்கு முன் தண்ணீருக்குள்தான் வளரும். மூச்சுமுட்டும் தண்ணீரில் தங்காது.

“வேற எங்கேயோ பிடிச்சு வந்து போட்டீங்களா?”

“என் குழாய் விழற இடத்துலதான் சார் பிடிச்சது,” என்றார் லாண்டரிக்காரர். “நீங்களே இறங்கிப் பாருங்க.”

பொறியாளர் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார். மூன்று முறை வலையால் அலசினார். மூன்று முறையும் குஞ்சுகள். நான்காவது முறை வெறும் ஆசைக்காக. (இது என் கற்பனையில்லை. அக்காவையே கேளுங்கள்.)

“மூட வேண்டாம்னு எழுதிடறேன்.” கரையிலேயே கையெழுத்துப் போட்டார். வகுப்பு முழுக்கக் கத்திய கத்தலில் தெருவே வெளியே வந்தது. அக்கா அழுதாள். லாண்டரிக்காரரை நாலு பேர் தூக்க, நானும் ஒரு காலைப் பிடித்தேன்.

5

மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் பாராட்டு விழா. ஒன்றில் பறக்கும் தும்பி. மூன்றாவது, ‘இயற்கை என்பது…’ வேண்டாம்.

எனக்குத் தெரியாதது ஒன்றே ஒன்று: அன்று லாண்டரிக்காரர் வீட்டுக்குப் போய் மனைவியிடம் முதலில் என்ன சொன்னார்? அதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி இருக்கட்டும்.