சித்தின்னே எழுதுங்க

என் சொந்த அத்தானுக்கே என்னை ரெண்டாம் தாரமாக் கட்டி வச்சுட்டாங்க. பத்திரிகை அடிக்கலை, பந்தல் போடலை, எனக்கு ஒரு வார்த்தை சொல்லலை. மாப்பிள்ளை உயிரோடவே இல்லை! எல்லாக் காரியமும் முகாம் ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள்ளயே முடிஞ்சுபோச்சு.

முதல்ல நான் யாருன்னு சொல்லிடறேன். எங்க ஊர்ல நான் டவுன் பஸ் கண்டக்டர். எட்டூருக்குக் கேக்கற மாதிரி கத்திப் பழகின தொண்டை. சண்டை வந்துச்சு, அக்கா புருஷன் கடைமேல குண்டு விழுந்துச்சு, அத்தான் போயிட்டார். நான், என் அக்கா, அக்கா பொண்ணு, மூணு பேரும் கிடைச்சதைச் சுருட்டிக்கிட்டு ஊரைவிட்டுக் கிளம்பினோம். இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தது நானும் பாப்பாவும் மட்டும்தான்.

முகாம்னா ஒரு விளையாட்டு அரங்கம். பந்து ஆடற தரையில வரிசையாக் கட்டில் போட்டு, நடுவுல பெட்ஷீட்டைத் தொங்கவிட்டுத் தடுத்திருக்காங்க. பக்கத்துத் தடுப்புல ஒரு லாரி டிரைவர். தூக்கத்துலயும் கியர் மாத்துவார், அப்படி ஒரு குறட்டை. பாப்பா திடுக்குனு முழிச்சு, நான் இருக்கேனான்னு தடவிப் பார்த்துட்டு, என் வயித்துமேல காலைப் போட்டுக்கிட்டு மறுபடி தூங்கிடுவா.

அன்னைக்குக் காலைல ஆபீஸ்லேர்ந்து கூப்பிட்டு அனுப்பினாங்க. எங்க ரெண்டு பேருக்கும் ரூம் தர்றாங்களாம். கதவு வச்ச ரூம்! உள்ள தாழ்ப்பாள் போட்டுக்கலாம்! எனக்குத் தலைகால் புரியலை. பாப்பாவுக்கு முகம் கழுவி, ரெட்டைச் சடை போட்டு, தரதரன்னு இழுத்துக்கிட்டு ஓடினேன்.

மேஜைக்கு அந்தப் பக்கம் கண்ணாடி போட்ட அதிகாரியம்மா. அவங்க பேசறதைத் தமிழ்ல சொல்ல பக்கத்துல ஒரு பொண்ணு. இங்கயே பொறந்து வளர்ந்த தமிழ்ப் பொண்ணு, முதல் விசாரணைக்கும் இவதான் வந்திருந்தா. சாவி மேஜைமேலயே இருந்துச்சு. என் கண்ணு அதைவிட்டு நகரலை.

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒருதடவை வாசிச்சிடறேன்"னு ஆரம்பிச்சா அந்தப் பொண்ணு. "நீங்க இந்தக் குழந்தையோட அப்பாவுக்கு ரெண்டாவது மனைவி. கணவர் இறந்துட்டார். குழந்தையோட சொந்த அம்மா பத்தி விவரம் இல்லை. சரிதானே?"

"யாருக்கு யாரும்மா மனைவி?"

அவ முழிச்சா. "நீங்கதானே சொன்னீங்க, குழந்தைக்கு நான் சித்தின்னு?"

"சித்திதான். அவ அம்மாவோட தங்கச்சி நான். தங்கச்சி சித்தியாகாம சித்தப்பாவா ஆவா?"

பொண்ணுக்கு முகம் வெளுத்துடுச்சு. "எங்க வீட்ல... அப்பா ரெண்டாவதாக் கட்டிக்கிட்டவங்களைத்தான் சித்தின்னு கூப்பிடுவேன். அம்மாவுக்குக் கூடப்பிறந்தவங்க யாரும் கிடையாது. எனக்குத் தமிழ் பேசக் கத்துக்கொடுத்ததே அந்தச் சித்திதான். வேற அர்த்தம் இருக்குன்னே தோணலைக்கா."

நாலு வார்த்தை கேக்கலாம்னு வாயெடுத்தவ மூடிக்கிட்டேன். ரெண்டு பேரையும் சித்தின்னுதான் சொல்றோம். அவ வீட்ல ஒருத்திதான் இருந்திருக்கா, அதுக்கு அவ என்ன பண்ணுவா?

"சரி, இப்ப மாத்திச் சொல்லிடு."

அவ குனிஞ்சு குரலைத் தாழ்த்திக்கிட்டா. "அவசரப்படாதீங்கக்கா. இங்க சட்டப்படி குழந்தை தாய்கிட்ட இருக்கலாம், தகப்பன்கிட்ட இருக்கலாம், அவங்களைக் கட்டிக்கிட்டவங்ககிட்ட இருக்கலாம். தாயோட தங்கச்சின்னா கோர்ட்டு முடிவு சொல்ற வரைக்கும் குழந்தைங்க விடுதிக்கு அனுப்பிடுவாங்க. அது வேற ஊர்ல இருக்கு. இன்னைக்கு அங்க போற பஸ்கூட வாசல்லயே நிக்குது. இருக்கறபடியே விட்டுடுங்க. நான் மூச்சு விடமாட்டேன்."

பாப்பாவை இழுத்து மடியில உக்கார வச்சுக்கிட்டேன். பொய்யே பேசமாட்டேன்னு நான் ஒண்ணும் சபதம் எடுத்தவ இல்லை. வர்ற வழியில எல்லைக்காரன்கிட்ட நான் விட்ட கதைக்கு அளவே கிடையாது. ஒரு கையெழுத்து, சாவி நம்ம கையில, பாப்பா நம்மகூட. பேனாவைக்கூட எடுத்துட்டேன். அப்புறம்தான் அந்த வரி திரும்ப மனசுல ஓடுச்சு. சொந்த அம்மா பத்தி விவரம் இல்லை.

விவரம் இல்லையா? என் அக்காவுக்கா? மருந்துக்கடையில நின்னு எந்த டாக்டர் கிறுக்கினாலும் கடகடன்னு வாசிச்சவ. என்னைவிடக் குள்ளம், ஆனா என்னை அதட்ட அவ ஒருத்தியாலதான் முடியும். எல்லைகிட்ட அந்த லாரியில கூட்டம் முண்டியடிச்சு ஏறினப்போ, கீழே நின்னு பாப்பாவைத் தூக்கி என் கையில கொடுத்தவ அவதான். அவளை ஏத்த நான் கையை நீட்டறதுக்குள்ள சுட ஆரம்பிச்சுட்டானுங்க. வண்டி கிளம்பிடுச்சு. ஒரு விசில்ல எத்தனை வண்டியை நிறுத்தியிருக்கேன் நான்! அன்னைக்குத் தொண்டை கிழியக் கத்தினேன், நிறுத்தலை பாவி. அக்கா விழுந்ததை இந்தக் கண்ணால பார்த்தேன். அவளை இல்லைன்னு எழுதிட்டு, அவ இடத்துல என்னைத் தூக்கி உக்கார வைப்பாங்களாம். நான் ரூமுக்காகப் பல்லை இளிச்சுக்கிட்டுக் கையெழுத்துப் போடணுமாம்.

பேனாவைக் கீழே வச்சேன்.

"சொல்லு அவங்ககிட்ட. நான் அவ அம்மாவோட தங்கச்சி. எனக்குக் கல்யாணமே ஆகலை. குழந்தையை எங்கயும் அனுப்பவும் மாட்டேன்."

"அது எப்படிக்கா முடியும்?"

"நீ பண்ணி வச்ச கல்யாணம்தானே, நீயே கலைச்சு விடு."

பாவம், நல்ல பொண்ணு. என் தப்புதான்னு அதிகாரியம்மாகிட்ட மறைக்காமச் சொல்லிட்டா. அவங்க முகம் இறுகிப்போச்சு. வாசல் பக்கம் பார்த்துக் கையசைச்சாங்க. பஸ்ஸோட வந்திருந்த விடுதிக்காரம்மா கதவுகிட்ட வந்து நின்னாங்க. சட்டத்துல தாய்னு இருக்கு, நாங்க என்ன செய்யறதுன்னு கேக்கறாங்கன்னு சொன்னா அந்தப் பொண்ணு.

"தாய்னுதானே இருக்கு? பெரிய தாயா சின்னத் தாயான்னு அளவு போட்டிருக்கா? சித்தின்னா சின்னம்மா. அம்மா அதுக்குள்ளயே இருக்கா. விட்டுடாம சொல்லு."

சொன்னா. ஒரு குழந்தைக்கு எப்படி ரெண்டு அம்மான்னு பதில் வந்துச்சு.

"அவங்களுக்கு ஒண்ணே போதும்னா அது அவங்க சௌகரியம். எங்க பிள்ளைக்குப் பத்தலை."

அதிகாரியம்மா கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டு என்னையே பார்த்துக் கேட்டாங்க. அந்தக் கேள்வி தமிழ்ல வர்றதுக்கு முன்னாடியே எனக்குப் புரிஞ்சுபோச்சு. பெத்த தாய் எங்கே?

பாப்பா என் மடியில இருந்தா. அன்னைக்கு லாரியில அவ முகத்தை என் தோள்ல அழுத்திப் பிடிச்சுக்கிட்டேன், அவ எதையும் பார்க்கலை. அம்மா பின்னாடி வண்டியில வர்றான்னு சொல்லிச் சொல்லியே இத்தனை நாளை ஓட்டிட்டேன். முதல் விசாரணையில அக்காவைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லாததும் இவ பக்கத்துல இருந்ததாலதான். குழந்தையைக் கொஞ்சநேரம் வெளிய அனுப்பலாமான்னு அந்தப் பொண்ணு மெதுவாக் கேட்டா. வெளிய பஸ் நிக்குது. போனவ திரும்பி வருவாளா?

"வேண்டாம்"னேன். "என் அக்கா செத்துட்டா. எல்லையில சுட்டுட்டாங்க. நான் பார்த்தேன்."

பாப்பா திரும்பி என் முகத்தைப் பார்த்தா.

"அப்ப ஏன் வர்றான்னு சொன்னே?"

கேட்டுக்கிட்டே என் வாய்மேல பளார்னு ஒண்ணு போட்டா. அப்புறம் மூக்கு, கன்னம், நெஞ்சு, கிடைச்ச இடமெல்லாம். ஏன் சொன்னே, ஏன் சொன்னேன்னு கத்திக் கத்தி அடிச்சா. விடுதிக்காரம்மா ஓடி வந்து அவ இடுப்பைப் பிடிச்சுத் தூக்கப் பார்த்தாங்க. முடியலை. ஒரு கையால என்னை அடிக்கறா, இன்னொரு கை என் சட்டைக் காலரைச் சுருட்டிப் பிடிச்சிருக்கு. அவங்க இழுக்க இழுக்க என் கழுத்து இறுகுது, பிடி தளரலை.

"அடிடி, என் தங்கமே. நல்லா அடி. கையை மட்டும் விட்டுடாதே!"

"எங்க சித்தியை நான்தான் அடிப்பேன்! நீ விடு!" விடுதிக்காரம்மா கையை உதைச்சுத் தள்ளிட்டு வீறிட்டா பாப்பா.

அந்தப் பொண்ணு அழுதுக்கிட்டே அதை அவங்க பாஷையில சொன்னா. சித்திங்கற வார்த்தையை மட்டும் மாத்தலை, அப்படியே விட்டா. அதிகாரியம்மா கையை உயர்த்தி விடுதிக்காரம்மாவைத் தடுத்துட்டு, எழுந்து உள்ரூமுக்குப் போய் யார்கிட்டயோ நெடுநேரம் பேசிட்டு வந்தாங்க. கோர்ட்டுல முடிவாகற வரைக்கும் குழந்தை என்கூட இருக்கலாம். ஆனா குடும்பத்துக்கான ரூம் கிடையாது, பழைய கட்டில்தான். சாவியை எடுத்து டிராயருக்குள்ள போட்டுட்டாங்க. போடட்டும்.

தாய் இறந்துவிட்டார்னு ஒரு வரி தட்டினாங்க. அதுக்குக் கீழே என்னை என்னன்னு எழுதறதுன்னு கேட்டாங்க. "சித்தின்னே எழுதுங்க"ன்னேன். ஒவ்வொரு எழுத்தா அந்தப் பொண்ணு சொல்லச் சொல்லத் தட்டிட்டு, வாசிச்சுப் பார்த்தாங்க. "சிடி"ன்னாங்க. அதுவும் தப்பு.

பஸ் கிளம்பற சத்தம் கேட்டுச்சு. பாப்பா அடிச்சு ஓஞ்சுபோய் என் கழுத்துல முகத்தை வச்சு அவ அம்மாவுக்காக அழ ஆரம்பிச்சா. நானும் அங்கயே, அவங்க எல்லார் முன்னாடியும், என் அக்காவுக்காக வாய்விட்டு அழுதேன். கோர்ட்டுல என்ன சொல்வாங்களோ தெரியாது. கூப்பிடட்டும், வரேன். என்கிட்டேர்ந்து இவளைப் பிரிக்கணும்னா, முதல்ல அந்த வார்த்தையை ஒழுங்காச் சொல்லக் கத்துக்கிட்டு வரட்டும்.