நீல முடிச்சு

படகில் இருந்தவர்கள்: துடுப்பு வலித்த பிளம்பர், தண்ணீரில் வெயில் கூசாதபடி குடை பிடித்த டீச்சர், கயிற்றை இறக்கிக்கொண்டிருந்த மகள். வந்திருக்க வேண்டியவர் வீட்டில், கட்டிலில், செத்துக்கொண்டிருந்தார்.

கயிற்றின் நுனியில் ஒரு வெள்ளைத் தட்டு. அது எந்த ஆழம் வரை கண்ணுக்குத் தெரிகிறதோ அதுதான் ஏரியின் தெளிவு. கயிற்றில் தட்டுக்கு அருகே சிவப்பு முடிச்சு, வெகு மேலே நீல முடிச்சு. நீலம் நனைந்த பிறகும் தட்டு தெரிந்தால் ஏரி பிழைத்துவிட்டதாக அர்த்தம்.

ஒவ்வொரு ஞாயிறும் அப்பா மட்டுமே பார்ப்பார். மற்றவர்கள் துடுப்புப் போடலாம், குடை பிடிக்கலாம், குனிந்து பார்க்கக் கூடாது. "ஆள் மாறினா அளவு மாறும். எப்பவும் ஒரே கண்ணு பாக்கணும்." பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பிள்ளைகளிடமும் இதைத்தான் சொன்னார். மனு மேல் மனு போட்டு ஏரிக்கு வந்த சாக்கடைக் குழாயைத் திருப்ப வைத்தார். சாயப்பட்டறையை மூட வைத்தார். ஊரைத் திரட்டிப் பாசி வாரினார். அப்படியும் வருஷத்துக்கு வருஷம் தட்டு சீக்கிரமாகவே மறைந்தது. கடைசியில் சிவப்பு முடிச்சுகூட நனையவில்லை. தோற்றுவிட்டேன் என்று அவர் சொன்னதில்லை. சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார்.

அன்று காலையில் மகளின் மணிக்கட்டைப் பிடித்தார். "இன்னிக்கு நீ போ. உள்ளத உள்ளபடி வந்து சொல்லு."

பொய் சொல்வதென்று அவள் அப்போதே முடிவு செய்துவிட்டாள். சிவப்பு நனைந்தது என்று மட்டும் சொன்னால் போதும். கூட்டிச் சொன்னால் கண்டுபிடித்துவிடுவார்.

சிவப்பு நனைந்தது. தட்டு பளிச்சென்று இருந்தது. அவள் கயிற்றை விட்டுக்கொண்டே போனாள்.

"அண்ணே, துடுப்ப நிறுத்துங்க."

நீல முடிச்சு அவள் விரல்களுக்கிடையே நழுவித் தண்ணீருக்குள் போனது. கீழே தட்டு, கழுவிக் கவிழ்த்த சாப்பாட்டுத் தட்டைப் போல, அப்படியே தெரிந்தது.

"டீச்சர், நீங்க பாருங்க."

"நான் பாக்கக் கூடாதேம்மா."

"அவர் இங்க இல்ல. பாருங்க."

டீச்சர் குனிந்தார். வெகு நேரம் நிமிரவில்லை.

"தெரியுது," என்றார். "தண்ணி தெளிஞ்ச மாதிரி இருக்குன்னு போன வருஷமே சொன்னேன். 'மாதிரி'ங்கறது அளவு இல்லைன்னு வாய அடைச்சிட்டாரு."

பிளம்பரும் எட்டிப் பார்த்தார். படகு சாய்ந்தது. "அப்ப இத்தன நாளா பெரியவரு எதப் பாத்தாரு?"

அப்பா டீயில் உப்பைப் போட்டது, திறந்திருந்த கதவில் போய் முட்டியது எல்லாம் மகளுக்கு ஞாபகம் வந்தது. கண்ணில் புரை, உடனே ஆபரேஷன் வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது, "ஏரி வேல முடியட்டும்," என்றவர் அவர்.

மூவரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள்.

"நீலம் நனைஞ்சிருச்சுப்பா. அப்பவும் தட்டு தெரியுது."

"பொய். போகும்போதே பொய் சொல்ற மூஞ்சியோடதான் போன. சிவப்புன்னு சொல்லியிருந்தா நம்பியிருப்பேன்."

"டீச்சரக் கேளுங்க."

"நனைஞ்சுது சார். மூணு பேரும் பாத்தோம்."

"ஒரு கண்ணுதான் பாக்கணும்னு..."

"ஆறு கண்ணு சார்," என்றார் பிளம்பர்.

அப்பா தன் கையைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்தார். தள்ளிப் பிடித்தார். பக்கத்தில் கொண்டுவந்தார். பிறகு சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்தது.

"அப்ப பாசி என் கண்ணுலதானா?"

"டாக்டர் சொன்னாரு. நானும் சொன்னேன். நீங்கதான் யார் பேச்சயும்..."

"சரி விடு. சாகப் போறவன்கிட்ட சண்டைக்கு நிக்கிற."

டீச்சர் கையைப் பிசைந்தார். "மனுவுலெல்லாம் தப்பான அளவு போயிருக்கே சார்."

"திருத்தி எழுதுங்க. என் தப்புன்னே எழுதுங்க." மூச்சு வாங்கினார். "குழாயத் திருப்பினது திருப்பினதுதான். அத யாரும் கண்ண மூடிட்டுத் திருப்பல."

மதியம் கஞ்சி கேட்டார். இரண்டு கரண்டி குடித்தார். எத்தனையோ மாதங்களாகத் தானாக அவர் எதுவும் கேட்டதில்லை. பிறகு தூங்கினார், எழவில்லை. மகள் அவர் வாயைத் துடைத்தாள், போர்வையைச் சரிசெய்தாள். அழுகைக்கு முன்னால் அவளுக்குப் பசி வந்தது. பாத்திரத்தில் மிச்சமிருந்த கஞ்சியை நின்றபடியே குடித்து முடித்துவிட்டுத்தான் பக்கத்து வீட்டுக்குச் சொல்லப் போனாள்.

அடுத்த ஞாயிறு காலை டீச்சர் வந்து தட்டையும் கயிற்றையும் கேட்டார்.

"நீ கெளம்பலையா? அவர் எடத்துல இனி நீதான்னு எல்லாரும் பேசிக்கிட்டாங்க."

"வேணாம் டீச்சர். ஒரே கண்ணு பாத்தது போதும். வாரத்துக்கு ஒருத்தர் பாருங்க."

"உன் மொற எப்ப?"

"பாக்கலாம். ஆறு நாள் கிடங்குல வேல, ஏழாவது நாள் ஏரின்னே ஓடிருச்சு."

"சரி, இன்னிக்கு என்ன பண்ணப் போற?"

"தூங்கப் போறேன்."

டீச்சர் கயிற்றைத் தோளில் மாட்டினார். நீல முடிச்சு முதுகுப் பக்கம் ஆடியது. படியிறங்கும்போது தட்டு ஒவ்வொரு படியிலும் கைப்பிடிக் கம்பியில் இடித்து 'டங்'கென்றது.

கடைசி 'டங்' கேட்கும் வரை மகள் நின்றாள். பிறகு கதவைச் சாத்தி உள்ளே பூட்டிக்கொண்டாள்.