விற்றுவிட்ட நூறு பிஸ்கட் பங்குகள்

கிம் சுவீ ஐம்பத்திரண்டு வயதிலேயே ஓய்வு பெற்றார். அதாவது, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் உழைத்துக்கொண்டிருந்தவர், வீட்டில் பதினாறு மணி நேரம் உழைக்க ஆரம்பித்தார். காலையில் பங்குச் சந்தை திறக்கிறபோது குளித்து, தலைவாரி, சட்டையின் மேல் பொத்தான் வரைக்கும் போட்டுக்கொண்டு கணினி முன்னால் உட்கார்ந்திருப்பார். மத்தியானம் சந்தைக்கு இடைவேளை விட்டால்தான் அவருக்குச் சோறு. சேமிப்பெல்லாம் பங்குகளில் கிடந்ததால் விலைதான் வீட்டை ஆண்டது. இரண்டு சென் காசு இறங்கினால் ஏர்கான் நிற்கும். நாலு சென் இறங்கினால் மீன் நிற்கும். ஒரு தடவை பதினோரு சென் இறங்கியது. அன்றைக்கு வீட்டுப் பூனைகூடக் கஞ்சிதான் குடித்தது என்று பினாங்கு முழுக்கப் பேச்சு.

"ஃபேக்டரியிலயாவது ஞாயித்துக்கிழம விட்டான்" என்பாள் அவர் மனைவி போ லின். "இப்ப முதலாளியும் இவரு, கூலியும் இவரு. யாருகிட்டப் போயி லீவு கேக்கறது?"

இரண்டு வருஷம் இப்படியே போனது. பிறகு எவனோ ஒரு மொட்டைத்தலை ஆசாமியின் வீடியோவைக் கிம் சுவீ பார்த்துத் தொலைத்தார். கையில் முப்பது கம்பெனிப் பங்கு வைத்திருக்கிறவன் முதலீட்டாளன் இல்லை, பழைய சாமான் கடைக்காரன்; மூன்றே மூன்று போதும் என்றான் அந்த ஆள். கிம் சுவீ தன் பட்டியலைத் திறந்து பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. பழைய சாமான் கடையேதான்.

கோழிக் கம்பெனியில் நூறு பங்கு. கையுறைக் கம்பெனியில் நூறு. சோயா சாஸ், பிஸ்கட், குடை, பெயிண்ட், சவப்பெட்டி என்று எல்லாவற்றிலும் நூறு நூறு. லாபத்துக்கு வாங்கியதல்ல, ஆண்டுக் கூட்டத்துக்கு வாங்கியது. நூறு பங்கு இருந்தால் கூட்டத்துக்குப் போகலாம். போனால் சாப்பாடு உண்டு, திரும்பும்போது கையில் ஒரு பையும் உண்டு. கோழிக் கம்பெனி முட்டை தரும். குடைக் கம்பெனி குடை தரும். சவப்பெட்டிக் கம்பெனி நல்லவேளையாகக் கறிபாப் பலகாரத்தோடு நிறுத்திக்கொள்ளும். கணவன் மனைவி இருவருக்கும் தனித்தனிக் கணக்கு. ஆகவே இரண்டு பை.

கொரோனா வந்து கூட்டங்களையெல்லாம் கணினிக்குள் தள்ளிவிட்டது. கணினி வழியாகக் கறிபாப் வரவில்லை. ஐந்து வருஷமாக வரவில்லை. இனி இந்தச் சில்லறையெல்லாம் எதற்கு?

புதன்கிழமை தன் கணக்கிலிருந்த நூறுகளை விற்றார். விரல் வலித்ததால் மனைவியின் கணக்கை வியாழக்கிழமைக்குத் தள்ளி வைத்தார். இரண்டு கணக்குக்கும் ரகசிய எண் அவரிடம்தான் இருந்தது. வியாழன் மாலை பட்டியல் சவரம் பண்ணிய முகம் மாதிரி பளபளத்தது. கிம் சுவீ தனக்குத் தானே ஒரு பியர் வாங்கிக் கொடுத்தார்.

சனிக்கிழமை காலை போ லின் போனைத் தூக்கிக்கொண்டு சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். ஐம்பது வயதுக்கு மேல் அவள் ஓடி அவர் பார்த்ததில்லை.

"ரொக்கியா அக்கா வாட்ஸாப் போட்டிருக்காங்க! பிஸ்கட் கம்பெனி கூட்டம் இந்த வருஷம் நேர்லயாம். அடுத்த வியாழக்கிழம. பழையபடி ஃபேக்டரி மண்டபத்துலயே. எல்லாரும் வராங்களாம்!"

"எல்லாருமா?" என்றார் கிம் சுவீ.

"எல்லாரும்தான். பல்லு போன டாக்ஸிக்கார சாவ் கூட வராராம். நான் அந்த நீலச் சட்டைய எடுத்துத் தேய்க்கணும்."

எல்லாரும் என்றால் பீச் ஸ்ட்ரீட் கூடத்துக் கும்பல். கையில் போன் இல்லாத அந்தக் காலத்தில் விலை தெரியவேண்டுமானால் தரகு நிறுவனத்தின் கூடத்துக்குத்தான் போகவேண்டும். சுவர் நீளத்துக்கு விலைப்பலகை, எதிரே பெஞ்சுகள். தொண்ணூற்று மூன்றாம் வருஷம் சந்தை ஏறிய ஏற்றத்தில் பினாங்கே அந்தப் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தது. மீன்காரி தராசோடு வந்து உட்கார்ந்தாள். பல் டாக்டர், வாயைத் திறந்தபடி இருந்த ஒரு நோயாளியை நாற்காலியில் விட்டுவிட்டு ஓடி வந்தார். பச்சை எண் வந்தால் எழுந்த கூச்சலில் துறைமுகத்துக் கப்பல்கள் பதிலுக்கு ஊதின. குறைந்தபட்சம் கிம் சுவீக்கு அப்படித்தான் நினைவு.

அப்போது அவர் இரவு வேலைக்காரர். பகலெல்லாம் பெஞ்சில். ஒருநாள் கையிலிருந்ததை முழுக்க ஒரு மரக் கம்பெனியில் விட்டுவிட்டுப் பசியோடு பலகையை வெறித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து வங்கியிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் வந்து உட்காரும் பெண் ஒருத்தி ஒரு காகிதப் பொட்டலத்தை நீட்டினாள். உள்ளே உடைந்த பிஸ்கட். தொழிற்சாலை வாசலில் எடைக்கு விற்பது.

"சாப்பிடு. மரத்தைத் தின்ன முடியாது" என்றாள்.

அந்த வாரமே இருவரும் அந்தப் பிஸ்கட் கம்பெனியில் பங்கு வாங்கினார்கள். கல்யாணம் அதற்குப் பிறகுதான். வீட்டுக்கு முன்பணம் கட்ட முக்கால்வாசியை விற்றபோதும், ஆளுக்கு நூறை மட்டும் போ லின் விடவில்லை. கூடத்தை மூடினார்கள், பெஞ்சுகளைக் காயலாங்கடைக்காரன் கொண்டுபோனான், கும்பல் சிதறியது. வருஷத்துக்கு ஒருநாள் பிஸ்கட் கூட்டத்தில் மட்டும் அந்தப் பெஞ்சு திரும்ப ஒன்று சேரும். கடந்த ஐந்து வருஷமாக அதுவும் இல்லை.

அந்த நூறைத்தான் கிம் சுவீ சவரம் பண்ணியிருந்தார். கம்பெனியின் பங்குதாரர் பட்டியலில் பெயர் இல்லாதவரை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். ரொக்கியா அக்கா, சாவ், அத்தனை பேரும் பார்க்க நீலச் சட்டையோடு போ லின் வாசலில் நிற்கிற காட்சி அவர் கண்ணைவிட்டுப் போகவில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் மீன் அவருக்கு மண்ணாக இருந்தது.

திங்கட்கிழமை முதல் வேலையாகத் தரகர் ஊயிடம் ஓடினார்.

"பாஸ், பிஸ்கட்ட உடனே திரும்ப வாங்கிக் குடு. ரெண்டு கணக்குலயும்."

"இப்ப வாங்கி என்னத்துக்கு? கூட்டத்துக்கான பேர்ப் பட்டியல் வெள்ளிக்கிழமையே எடுத்தாச்சு" என்றார் ஊய். கிம் சுவீயின் முகத்தைப் பார்த்து நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்க. வித்தது என்னிக்கு?"

"என்னோடது புதன். அவளோடது வியாழன்."

ஊய் சிரிக்க ஆரம்பித்தார். "பாஸ், வித்தா பங்கு கணக்கைவிட்டுப் போக சந்தை நாள் ரெண்டு ஆகும், மறந்துட்டீங்களா? உங்களோடது வெள்ளிக்கிழம போயிருச்சு. பட்டியல்ல நீங்க இல்ல. அவங்களோடது இன்னிக்குத்தான் போவுது. வெள்ளிக்கிழமப் பட்டியல்ல அவங்க பேரு அப்படியே இருக்கு. அவங்கள உள்ள விடுவான்."

கிம் சுவீ ஊயின் கையைப் பிடித்துக் குலுக்கிய குலுக்கலில் மேசை மேலிருந்த காப்பி கவிழ்ந்தது. வலித்த விரலுக்கு நன்றி சொல்லிக்கொண்டே வீட்டுக்கு வந்தார்.

வியாழக்கிழமை காலை அவருக்குத் திடீரென்று முட்டிவலி வந்தது.

"நான் கார்லயே இருக்கேன். நீ போயிட்டு வா. அந்த மண்டபத்துப் படி எனக்கு ஆகாது."

"அங்க படியே கிடையாதே" என்றாள் போ லின்.

"இப்பக் கட்டியிருப்பான்."

அவள் நீலச் சட்டையின் காலரைச் சரி பண்ணிக்கொண்டாள்.

புக்கிட் மெர்தாஜாம் பிஸ்கட் தொழிற்சாலை வாசலில் அதே வெண்ணெய் வாசனை. அடையாள அட்டையை நீட்டிய போ லினைக் கணினியில் தேடி, கையில் பட்டை கட்டி உள்ளே அனுப்பினார்கள். கிம் சுவீ மரத்தடியில் ஓட்டுநர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மண்டபம் தொழிலாளர் சாப்பாட்டுக் கூடம்தான். பாதிச் சுவர், மேலே கம்பி. உள்ளே பேசுவதெல்லாம் வெளியே கேட்டது. ஐந்து வருஷம் அடக்கி வைத்த சிரிப்பை ரொக்கியா அக்கா ஒரே மூச்சில் அவிழ்த்துவிட்டாள். சாவ் யாரையோ கெட்ட வார்த்தையில் கொஞ்சினார். கிம் சுவீ கழுத்தை நீட்டி நீட்டி, மரத்தைவிட ஒரு முழம் வளர்ந்துவிட்டார்.

லாபக் கணக்கு வாசித்து முடிந்து கேள்வி நேரம் வந்தது. ஒருவர், கிரீம் பிஸ்கட்டில் கிரீம் மெலிந்துவிட்டதென்று கால் மணி நேரம் பேசினார். இன்னொருவர் டின்னின் மூடி இறுக்கத்தைக் கண்டித்தார். அப்புறம் ஒலிபெருக்கியில் போ லினின் குரல் வந்தது.

"சேர்மன் சார், நான் முப்பது வருஷப் பங்குதாரர். என் வீட்டுக்காரரும் முப்பது வருஷம்தான். போன வாரம் புதன்கிழம தன் நூறையும், வியாழக்கிழம என் நூறையும் வித்துட்டாரு."

மண்டபத்தில் "அய்யோ!" என்று ஒரு கூச்சல். மரத்தடியில் கிம் சுவீ எழுந்து நின்றுவிட்டார்.

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிட்டிருக்காரு. ரெண்டு கணக்குலயும் வித்த சேதி என் போனுக்குத்தான் வருது. பேங்குல இருந்தவ நான், எந்தக் கணக்கு என்னிக்கு முடியும்னு தெரியாதா? என் பேரு இருக்கும், அவரு பேரு இருக்காது. ஒரு வாரமா வாயத் தெறக்கட்டும்னு பாத்தேன். முட்டிவலின்னுட்டாரு. அதோ மரத்தடியில நிக்கிறாரு பாருங்க, நல்லா நேரா. அவருக்கு என்ன பண்ணலாம்?"

கம்பி வழியாக நூறு தலைகள் திரும்பின. சேர்மன் எண்பது வயதுக்காரர், சிரிக்கத் தெரியாதவர் என்று பெயர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"முன்னாள் பங்குதாரருக்குக் காப்பி உண்டு" என்றார். "பிஸ்கட் டின் கிடையாது."

எழுந்த சிரிப்பில் கூரை பறந்திருக்கும், நல்ல தகரம் என்பதால் தாங்கியது. சாவ் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "டேய் கிம் சுவீ! மரக் கம்பெனி வாங்குனவனே!" என்று கத்தினார். முப்பது வருஷத்துக்கு முந்தைய பட்டப்பெயர். ஒரு காகிதக் கோப்பையில் காப்பி வந்தது.

கிம் சுவீ மணியைப் பார்த்தார். சந்தைக்கு இடைவேளை விட இன்னும் ஐந்து நிமிடம். ஒரு கையில் காப்பி, மறு கையில் போன். பிஸ்கட் பங்கு நாலு சென் ஏறியிருந்தது. விற்ற தரகுக் கூலி, வாங்கும் தரகுக் கூலி எல்லாம் சேர்த்தால் அந்த மொட்டைத்தலை ஆசாமி தலையிலேயே அடித்துக்கொள்வான். கிம் சுவீ விலையைப் பொருட்படுத்தாமல் அவள் கணக்கில் நூறு, தன் கணக்கில் நூறு என்று அழுத்தினார்.

போ லின் கும்பலோடு வெளியே வந்தாள். கலங்கரை விளக்குப் படம் போட்ட டின்னை மார்போடு அணைத்திருந்தாள். போனில் வந்த சேதியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"என்ன விலைக்கு?"

"கேக்காத."

டின்னைத் திறந்து உள்ளே வெகு நேரம் தேடினாள். உடைந்ததாகப் பார்த்து ஒன்றை எடுத்து நீட்டினாள். ரொக்கியா அக்கா, "முழுசா ஒண்ணு குடுக்கக்கூடாதா பாவம்" என்றாள்.

"அடுத்த வருஷம் உள்ள வரட்டும், தரேன்" என்றாள் போ லின்.

கிம் சுவீ அதைக் காப்பியில் தொட்டு வாயில் போட்டார். கிரீம் மெலிந்துதான் போயிருந்தது. அடுத்த கூட்டத்தில் அதைப் பற்றி அரை மணி நேரமாவது பேசவேண்டும்.