கப்பல் ஏறாத மோட்டார்

உதவியாள் கபாலியின் குரல் பொம்மைக் குரலாகக் கீச்சிட்டபோதே கோமளத்துக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"மேடம், காத்து போவுது மேடம்! வால்வு தானா தொறந்துகினு கீது!"

ஹீலியம் கலந்த காற்றை இழுத்தால் யாருக்கும் தொண்டை அப்படித்தான் ஆகும். வேலை இல்லாத நாட்களில் அந்தக் குரலிலேயே கபாலி மந்திரி மாதிரி மேடைப்பேச்சு பேசிக் காட்டுவான், அவளும் கண்ணில் நீர் வரச் சிரித்திருக்கிறாள். இப்போது திட்டத் தலைவர் ரகுபதி சார் ஓடிவந்து, "ஜன்னலைத் திற, எல்லாத்தையும் திற!" என்று அதட்டினார். ஓய்வு பெற இரண்டு வருஷமே இருக்கிற மனிதரின் அதட்டல் கைக்குழந்தையின் சிணுங்கலாக வெளியே வந்தது. யாரும் சிரிக்கவில்லை.

அடையாறில் ஒரு பெரிய கல்வி நிலையத்தின் பின்பக்கம், தகரக் கூரை போட்ட அந்தக் கொட்டகையில்தான் கோமளத்தின் ஒன்பது வருஷமும் போயிருந்தது. போர்க்கப்பலைத் தண்ணீரில் தள்ளும் விசிறியைச் சுற்றுவதற்கான மோட்டார். வழக்கமான மோட்டார் ஒரு கல்யாணச் சமையல்கட்டு அளவுக்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். கம்பியைக் கடுங்குளிரில் முக்கி வைத்துவிட்டால் மின்சாரம் எந்தத் தடையும் இல்லாமல் ஓடும், சூடாகாது, அதே பலத்தை ஒரு பீரோவுக்குள் அடக்கிவிடலாம். அந்தக் குளிரைத் தருவது திரவ ஹீலியம். அதைக் காக்க ஒரு ஆள் உயரப் பீப்பாய், காப்பி பிளாஸ்க் மாதிரி இரட்டைச் சுவர். சுவர்களுக்கு நடுவே இருக்கும் காற்றைப் பம்ப் வைத்து முழுக்க உறிஞ்சிவிட வேண்டும். துளி காற்று புகுந்தாலும் வெளிச்சூடு உள்ளே இறங்கி ஹீலியம் கொதித்துப் போய்விடும்.

பொக்ரானில் அணுகுண்டு வெடித்து, வெளிநாடுகள் தடை போட்ட வருஷம் அது. அதன்பிறகு ஹீலியம் கேட்ட இடத்திலெல்லாம் கதவைச் சாத்தினார்கள். சிங்கப்பூர் ஏஜென்ட் ஒருவர் மட்டும் இனிமேல் கேட்காதீர்கள் என்று சொல்லி ஒரு தடவைக்குக் கொடுத்திருந்தார். மறுநாள் திங்கட்கிழமை டெல்லியிலிருந்து கடற்படைக் குழு வருகிறது. மோட்டாரை ஓட்டிக் காட்டினால் திட்டம் பிழைக்கும், இல்லையென்றால் கொட்டகைக்குப் பூட்டு.

"மிச்சத்தையும் ஊத்து," என்றார் ரகுபதி சார்.

ஊற்றினார்கள். காய்ந்த தோசைக்கல்லில் தெளித்த தண்ணீராக அது போயிற்று. பீப்பாயின் மேல் பனி பூத்து, உருகி, தரையில் சொட்டியது. கபாலி கந்தல் துணியை வைத்துக்கொண்டு துடைத்தபடியே இருந்தான், துடைத்தால் நின்றுவிடும் என்பது போல. ஜன்னல் வழியாகப் போனது கண்ணுக்குத் தெரியவில்லை. புகையாவது தெரியும். இதற்கு அதுவும் இல்லை.

வீட்டுக்கு வந்தபோது அம்மா வெந்தயம் வறுத்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி, நாளைக்கு உன் கப்பல் கிளம்பறதா? எதிராத்து மாமி தேங்காய் உடைக்கணுமான்னு கேக்கறா."

"கிளம்பலைம்மா."

அம்மா இன்னொரு கேலியை நாக்கின் நுனியில் வைத்திருந்தாள். மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு அதை விழுங்கி, அடுப்பைத் தணித்தாள். மாப்பிள்ளை வீட்டார் வந்தபோதெல்லாம் இந்த டெஸ்ட் முடியட்டும், அடுத்த டெஸ்ட் முடியட்டும் என்று தள்ளிப்போட்டவள் கோமளம். இப்போது கேட்டு வருகிறவர்களும் இல்லை, தள்ளிப்போட டெஸ்டும் இல்லை.

திங்கட்கிழமை வெள்ளை உடுப்பில் மூன்று பேர் வந்தார்கள். மரியாதையாகப் பேசினார்கள். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. மறுபடி எப்போது நிரப்புவீர்கள் என்று பெரியவர் கேட்டார். ரகுபதி சார் தெரியாது என்றார். அவர்கள் பீப்பாயைச் சுற்றி ஒரு தடவை நடந்தார்கள், டீ குடித்தார்கள். காரில் ஏறும்போது, சாமான்களைக் கட்டத் தொடங்கலாம் என்று பெரியவர் சொன்னார், ஊருக்குப் போகிறவர்களிடம் சொல்வது போல.

செவ்வாய்க்கிழமை பீப்பாயைத் திறந்தார்கள். சங்கிலியில் தொங்கிய மூடியைக் கபாலி மேலே இழுக்க, கோமளம் டார்ச்சை அடித்து விளிம்பைச் சுற்றிலும் பார்த்தாள். ரப்பர் வளையம் உட்காரும் பள்ளத்தில், ஓரிடத்தில், சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. விரலால் தொட்டாள். குங்குமம். அதில் நாலைந்து பொடி வளையத்துக்கு அடியில் சிக்கியிருந்தது. வெதுவெதுப்பில் ரப்பர் அதை அமுக்கிக்கொண்டிருக்கும், பம்பின் அளவுமானியும் சரியாகவே காட்டியிருக்கும். குளிர் இறங்கி ரப்பர் கல்லானதும் காற்றுக்கு வழி விட்டிருக்கிறது.

அவள் கபாலியை நிமிர்ந்து பார்த்தாள். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அந்த மிஷினுக்குப் பொட்டு வைக்கிறவன் அவன்தான். அவனைத் திட்டுகிறவர் ரகுபதி சார்.

"மேடம், அப்டிப் பாக்காத மேடம்." அவன் சங்கிலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். "காலாண்ட சக்கரத்துல வெப்பேன், அத்தோட சரி. மூடியாண்ட வெப்பனா? சோறு போட்ற மிசினு மேடம். எம் பொண்ணு மேல சத்தியமா..."

"சத்தியம் எல்லாம் வேண்டாம் கபாலி," என்றார் ரகுபதி சார். ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். "நான்தான்."

கொட்டகைக்கு வெளியே யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"வெள்ளிக்கிழமை கற்பகாம்பா சந்நிதியில குங்குமம் கொடுத்தா. நீங்க ரெண்டு பேரும் சாப்பிடப் போயிருந்தேள். மூடறதுக்கு முன்னாடி உள்பக்கமா ஒரு பொட்டு வெச்சேன். வெளியில வெச்சா பார்த்துடுவேளே."

கோமளத்துக்குக் கோபம் வரும் என்று அவளே எதிர்பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. நாற்பது வருஷம் சாமி இல்லை என்று வாதாடிய மனிதர், யாருமில்லாத கொட்டகையில் திருட்டுத்தனமாக விரலை நீட்டி நின்றதுதான் கண்ணில் வந்தது.

"வெளியவே வெச்சிருக்கலாமே சார்," என்றான் கபாலி மெதுவாக. "நாங்க இன்னா சொல்லிடப் போறோம்."

கோமளம் பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்துப் பள்ளத்தைத் துடைத்தாள். துடைத்தது போதும் என்று தெரிந்தும் இன்னொரு பஞ்சை எடுத்தாள். கபாலி மூடியை இறக்கினான். ரகுபதி சார் எழுந்து வந்து அது சாயாமல் உள்ளங்கையால் தாங்கினார். அவள் ஸ்பேனரை எடுத்து ஒரு போல்ட்டை முறுக்கி, அதற்கு நேர் எதிரே இருந்ததை முறுக்கி, மறுபடி இந்தப் பக்கம் வந்தாள். கட்டி அனுப்ப வேண்டிய சாமானை இப்படி மூட வேண்டியதில்லை. யாரும் அதைச் சொல்லவில்லை.

யார் பம்பைப் போட்டார்கள் என்று பிறகு யோசித்தபோது நினைவில்லை. அது உறுமத் தொடங்கியது. சுவர்களுக்கு நடுவே மிச்சமிருக்கும் காற்றைக் காட்டும் அளவுமானியின் முள் இறங்கிற்று, இறங்கிற்று, அடிக்கோட்டைத் தொட்டு அங்கேயே நின்றது. பம்பை நிறுத்தினார்கள். முள் அசையவில்லை. மதியம் வரை மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அது ஒரு மயிரிழைகூட ஏறவில்லை.