யாரு வந்திருக்கறது?

கலைவாணிக்குக் கோபம் வந்தால் கை நடுங்கும். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். ஆனால் இந்த ஒரு வருஷமாக அந்த நடுக்கம் நிற்கவே இல்லை. நிற்க எங்கே விட்டார்கள் பாவிகள்!

எல்லாம் சடையன் செய்த வேலை. அவள் புருஷன் வெற்றிச்செல்வனுக்குக் கூடப்பிறந்த அண்ணன். வெற்றிச்செல்வன் மலைப்பாதை வளைவில் பைக்கோடு விழுந்து செத்துப்போனான். காரியம் முடிந்த கையோடு ஊரில் காளியம்மன் திருவிழா வந்தது. சடையன் மேல் சாமி இறங்கியது. இறங்கிய சாமி மழையைப் பற்றிப் பேசவில்லை, விளைச்சலைப் பற்றிப் பேசவில்லை. நேராகக் கலைவாணியைக் கைநீட்டி, "எம் புள்ளைய முழுங்கினவ அந்த வூட்ல இருக்கக் கூடாது. அடுத்த திருவிழால சாவிய எங்கிட்ட வச்சிரணும்" என்றது. சாமி சார்பில் சாவியை வாங்குவது யார்? சாமி ஏறின சடையன்தான். எவ்வளவு வசதி பாருங்கள்!

அந்த வீட்டின் முன்னறையில்தான் சாமை அரைக்கிற மெஷின் இருந்தது. புருஷனும் பெண்டாட்டியுமாக வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் போட்ட மெஷின். ஊருக்கு அது ஒன்றுதான். சடையனின் கண் தம்பி சாவுக்கு முன்பிருந்தே அதன் மேல் இருந்தது. இது ஊரில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்க ஒருத்தருக்கும் துப்பில்லை.

ஏனென்றால் முறை அப்படி. சாமி வந்ததும் பூசாரி கோபால்சாமி கேட்பார்: "யாரு வந்திருக்கறது? பேரச் சொல்லு!" வந்தது பேரைச் சொல்ல வேண்டும். உள்ளங்கையில் கற்பூரம் கொளுத்தி வைப்பார். அதற்கப்புறம் அந்த வாய் சொன்னதுதான் சட்டம். சடையன் "காளி வந்திருக்கேன்டா" என்று கத்தினான், கற்பூரம் எரிகிறவரை கையை இழுக்கவும் இல்லை. சாமி சொன்னதைச் சாமிதான் மாற்ற முடியும். மனுஷர் மாற்ற முடியாது.

அதே கேள்வியைத்தான் கலைவாணியும் தினமும் கேட்டுக்கொண்டிருந்தாள். மெஷின் ஓடும்போது திரும்பிப் பார்க்க முடியாது. வாசலில் நிழல் தட்டினால், "யாரு வந்திருக்கறது?" என்பாள். எல்லார் வீட்டுச் சாமையும் பார்க்க ஒரே மாதிரிதான். பேர் சொன்னால்தான் மூட்டையை இறக்க விடுவாள்.

சாவி கொடுக்க வேண்டிய திருவிழாவுக்கு முந்தின வாரம் ஜமுனாமரத்தூரில் ஒரு முகாம் நடந்தது. 'உன்னை நீ அறி' என்று பேனர். சென்னையிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். சிவசங்கர் வெளிநாட்டில் மனோதத்துவம் படித்துவிட்டு வந்தவர். பார்த்திபன் வேதாந்த வகுப்பு எடுப்பவர். மனசைப் பற்றிப் படித்தவர்கள் ஊரில் வந்து ஒரு வார்த்தை சொன்னால் எடுபடாதா என்ற நப்பாசையில் கலைவாணி பஸ் ஏறிப் போனாள்.

சாப்பாட்டு இடைவேளையில் இருவரையும் மடக்கினாள். எல்லாவற்றையும் சொல்லி முடித்து, "சார், அன்னிக்குப் பேசினது சாமியா, சடையனா? அத்த மட்டும் எங்கூருக்கு வந்து சொல்லிட்டுப் போங்க" என்றாள்.

சிவசங்கர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "அப்படி ஒரே வார்த்தையில சொல்ல முடியாதும்மா. மனசுங்கறது ஒரு ஆள் இல்ல. அடியில புதைஞ்சு கிடக்கற ஆசை, பயம் எல்லாம் ஒரு சமயம் மேல வந்து பேசும். பேசறது அவருக்கே தெரியாம இருக்கலாம். அவரைக் குத்தவாளின்னு சொல்லிட முடியாது."

பார்த்திபன் சிரித்தார். "இவங்க மேற்கத்திய ஆளுங்க எப்பவும் மனசோட நின்னுடுவாங்கம்மா. உடம்பும் நீ இல்ல, மனசும் நீ இல்ல. எல்லாத்தையும் பார்த்துக்கிட்டு சும்மா இருக்கற சாட்சிதான் நீ. அது பேசறதும் இல்ல, செய்யறதும் இல்ல. பேசினது யாருன்னு தேடிப் போனா, அங்க ஒருத்தரும் இருக்க மாட்டாங்க."

"ஒருத்தருமே இல்லன்னா எங்கிட்ட சாவி கேக்கறது யாரு சார்?"

இரண்டு பேரும் வாயடைத்துப் போகவெல்லாம் இல்லை. அவளை விட்டுவிட்டு ஒருத்தரை ஒருத்தர் பிடித்துக்கொண்டார்கள். சாட்சி என்பதே மூளை செய்கிற வேலை என்றார் ஒருவர். மூளையைப் பார்ப்பது எது என்றார் மற்றவர். குரல் ஏறியது, சாதம் ஆறியது. ஆளுக்கொரு கதவைத் திறந்துவிட்டு அந்தப் படுபாவியைத் தப்பிக்க விடுகிறார்களே!

"நல்லா கீது உங்க நாயம்" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். "திருவிழாக்கு வந்து பாக்கறோம்மா" என்று சிவசங்கர் பின்னாலிருந்து சொன்னார். வேடிக்கை என்றால் வருவார்கள், ஏன் வரமாட்டார்கள்?

திருவிழா அன்று உச்சி வெயில். ஊர் மொத்தமும் கோயில் முன்னால் கூடியிருந்தது. முகாம்காரர்கள் இரண்டு பேரும் காரில் வந்து வேப்பமர நிழலில் நின்றார்கள். சடையன் மஞ்சள் வேட்டி கட்டி, மாலை போட்டு, மாப்பிள்ளை மாதிரி நின்றான். கோபால்சாமி தாம்பாளத்தை நீட்டினார்.

"சாவிய வையிம்மா."

இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். கை நடுங்கியது. வழக்கமான நடுக்கம்தான் என்று நினைத்தாள். ஆனால் அது முழங்கைக்கு ஏறியது, தோளுக்கு ஏறியது. பல்லைக் கடித்து நிறுத்தப் பார்த்தாள், நிற்கவில்லை. கொண்டை அவிழ்ந்தது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. அதைத் தான் போட்டதாகவே அவளுக்குத் தெரியவில்லை. உடம்பு ஆடியது.

"அம்மா வந்துட்டா! அம்மா வந்துட்டா!"

குலவை எழும்பியது. யாரோ தலையில் மஞ்சத்தண்ணீர் ஊற்றினார்கள். முகத்துக்கு நேராக அவளைத் துக்கிரி என்று சொன்ன வாய்களெல்லாம் "தாயே, தாயே" என்றன. நிமிர்ந்து நின்ற தலையெல்லாம் குனிந்தது. அவளுக்கு முதலில் பயமாக இருந்தது. அப்புறம், பொய் எதற்கு, நன்றாகவே இருந்தது.

சடையன் முகம் செத்துப்போயிற்று. தன் மேல் வந்தது என்னவென்று அவனுக்குத் தெரியுமே! இப்போது நிஜமாகவே வந்துவிட்டாள் என்றால் முதலில் யார் குடலை உருவுவாள்? கோபால்சாமி வாயைத் திறப்பதற்குள் தடாலென்று அவள் காலில் விழுந்தான்.

"தாயே, எங்குடும்பத்த ஒண்ணியும் பண்ணிடாத! அன்னிக்கு நீ வரல. நாந்தான் ஆடினேன். உம் பேரச் சொல்லி நாந்தான் பொய் சொன்னேன். மெஷினு மேல ஆச வச்சி சொல்லிட்டேன், மன்னிச்சிடு தாயே!"

குலவை நின்றது. ஊர் முழுக்கக் கேட்டது. கோபால்சாமிக்குக் கைகால் ஓடவில்லை. ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே. கற்பூரத்தை எடுத்துக்கொண்டு கேட்டார்.

"யாரு வந்திருக்கறது? பேரச் சொல்லு."

காளி என்ற வார்த்தை அவள் நாக்கு நுனியில் நின்றது. ஒரே ஒரு வார்த்தை. வீடும் மெஷினும் மட்டுமில்லை, சாகிறவரை மரியாதை. இதோ காலடியில் கிடக்கிறவனைக் குடும்பத்தோடு மலையை விட்டு இறக்கலாம். ஏன் என்று கேட்க ஒருத்தன் இருக்க மாட்டான். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அதைச் சொன்னால் தானும் இன்னொரு சடையன்தான். நடுக்கம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"கலைவாணி" என்றாள்.

"இன்னாம்மா?"

"கலைவாணிதான் வந்திருக்கேன். வெற்றிச்செல்வன் பொண்டாட்டி. கற்பூரத்த வைங்க."

கற்பூரம் வைப்பதற்குள் சடையன் துள்ளி எழுந்தான். முட்டியில் மண், கண்ணில் கொலைவெறி. "நீயாடி? ஏமாத்திட்டா! இவ மேல சாமி வரல! நான் சொன்னது ஒண்ணியும் செல்லாது!"

"சாமி வரல மாமா" என்றாள் கலைவாணி. "அன்னிக்கும் வரல. நீங்களே சொல்ட்டீங்க."

கோபால்சாமி சடையன் முகத்தைப் பார்க்காமல் தாம்பாளத்தைக் கீழே வைத்தார். கலைவாணி சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தாள். வேப்பமரத்தடியில் சிவசங்கர் குறுக்கே வந்தார்.

"உண்மையைச் சொல்லும்மா. நடிச்சியா, இல்ல நிஜமாவே..."

"ஆடினது யாருன்னு எனுக்குத் தெரியாது சார். பேர் சொன்னது நாந்தான்."

"இதைத்தான் நான் அன்னைக்கே..." என்று பார்த்திபன் ஆரம்பித்தார். அவள் நிற்கவில்லை.

சடையன் அதற்கப்புறம் அவளோடு பேச்சுவார்த்தை வைத்துக்கொள்ளவில்லை. தெருவில் கண்டால் காறித் துப்பினான். அவளும் பதிலுக்குத் துப்பினாள். சாமை அறுப்பு வந்தது. அவன் வீட்டு மூட்டைகள் பத்துப் பதினைந்து நாள் அரைக்காமல் கிடந்தன. மலையடிவாரத்து ஒடுகத்தூருக்கு இறக்கி அரைத்தால் பஸ்ஸுக்கும் கூலிக்குமே சரியாகப் போய்விடும்.

ஒரு நாள் காலையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தபோது வாசலில் நிழல் தட்டியது. கலைவாணி திரும்பவில்லை.

"யாரு வந்திருக்கறது?"

நிழல் தோளில் மூட்டையோடு வாசலிலேயே நின்றது.

"நாந்தான்."

"நாந்தான்னா யாரு? பேரச் சொல்லு."

நிழலில் மூட்டை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாறியது.

"சடையன்."

"இறக்கு" என்றாள்.