வெளிச்சம் பட்ட தட்டுகள்

அங்காரா சோதனைக்கூடத்துக்கு வேளாண் குழு காலை பதினோரு மணிக்கு வந்தது. நெஸாஹத் திரைகளை இழுத்து மூடி, புற ஊதா விளக்கைப் போட்டாள். தட்டுகளில் இருந்தவை கோழிக்கருவின் ஈரலிலிருந்து எடுத்து வளர்த்த செல்கள். விதைக்கோதுமையில் பூஞ்சை பிடிக்காமலிருக்கத் தூவும் புதுப் பொடியை மூன்று நாள் அவற்றுக்குக் கொடுத்திருந்தாள். ரத்தத்துக்குச் சிவப்பைத் தரும் ஹீமை உண்டாக்குகிற நொதிகளில் ஒன்றை அந்தப் பொடி முடக்கிவிடும். அரைகுறையாய் நின்ற சரக்கு செல்லுக்குள் தேங்கி, இந்த விளக்கடியில் செக்கச்செவேலென்று ஒளிரும். ஒளிர்ந்தால் பொடி நஞ்சு என்று பொருள். நேற்று மாலை ஒளிர்ந்தது. அவளும் சஃபெத்தும் சேர்ந்துதான் பார்த்தார்கள்.

இன்று தட்டுகள் இருண்டு கிடந்தன.

"சிவப்பு எங்கம்மா?" என்றார் குழுத் தலைவர்.

"நேத்து இருந்துச்சு ஐயா. சஃபெத்தும் பாத்தாரு. சொல்லுங்க சஃபெத்."

ஆறு வருஷமாக அவளோடு ஒரே மேசையில் வேலை செய்பவன் தரையைப் பார்த்தான். "எனக்கு அப்படி ஒண்ணும் தெரியலையே."

குழு பொடிக்கு அனுமதி எழுதிவிட்டுப் போனது. இந்த விதைப்புக்கே அது தென்கிழக்கு ஊர்களுக்குப் போய்விடும். மாவு தீர்ந்தால் அங்கே விதையை அரைத்து ரொட்டி சுடுவார்கள். அவள் தம்பி இல்யாஸ் எட்டு வயதில் பழைய பொடி கலந்த அப்படியொரு ரொட்டியைத் தின்றவன். அதே சரக்கு உடம்பில் தேங்கியதால், வெயில் பட்டால் இன்றும் அவன் முகம் கொப்புளித்துப் புண்ணாகும்.

குழுவுக்குக் காட்டத் தட்டுகளிலிருந்து பிரித்த கறுப்புத்தாள் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அந்தச் சிவப்புக்கு வெளிச்சம் ஆகாது, வெளுத்துவிடும். அதற்காகத்தான் தாள். மடிப்பை அவள் எப்போதும் தட்டுக்கு அடியில்தான் செருகுவாள். இன்று பிரித்தபோது அது மேலே செருகியிருந்தது. அறைச் சாவி அவளையும் சஃபெத்தையும் தவிர யாரிடமும் இல்லை.

"எவ்வளவு நேரம் ஜன்னல்ல வச்சீங்க?"

சஃபெத் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தான். "காலைல ஒரு மூணு மணி நேரம். பொடிக் கம்பெனில பெரிய வேலை தர்றாங்க. எனக்கும் பிள்ளைகுட்டி இருக்குல்ல."

"என் தம்பி மூஞ்சியப் பாத்திருக்கீங்க."

"பாக்காம என்ன? அவன் சாப்பிட வரும்போதெல்லாம் எங்க வீட்டுத் திரையை நான்தானே மூடுறேன்."

இதையும் சமாதானம் போலச் சொன்னான், பாவி. இனி குழுவிடம் போய்ச் சொன்னாலும் தோற்றவளின் புலம்பல் என்பார்கள்.

வீட்டில் இல்யாஸ் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். "அக்கா, வெள்ளிக்கிழமை சஃபெத் அண்ணன் வீட்டுக்குத்தானே?"

"இனிமே அங்க போக வேணாம்டா."

அவன் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். "ஏங்க்கா? வேற யாரும் எனக்காகத் திரையை மூட மாட்டாங்களே."