ஓட்லி கவுன்ரிக்கு ஒரு மெழுகுதிரி

அமெரிக்காவில் நெபிராஸ்கா மாநிலத்தின் ஒரு சின்ன மாவட்டமான ஓட்லி கவுன்ரியைப் பற்றி, கனடாவில் ரொறன்ரோ மல்வேர்னில் பன்னிரண்டாம் மாடியில் இருந்த யேசுரட்ணத்துக்குத் தெரிந்த அளவு அந்தக் கவுன்ரிக்காரருக்கே தெரிந்திருக்குமோ, சந்தேகம்தான். ரயில் வந்தது 1887இல். சனம் ஒருகாலத்தில் பதினோராயிரம், இப்போது நாலாயிரம். ஆறு ஆவணியில் வெறும் மணல். சீனித் தொழிற்சாலை மூடிப் பதினொரு வருடம். மூன்று பள்ளிக்கூடங்களை ஒன்றாக்கியாயிற்று. சோளத்துக்கும் விலையில்லை.

எல்லாம் மகள் செலீன் தபாலில் அனுப்பும் உள்ளூர் வாரப் பத்திரிகையில் படித்தது. அவளுடைய கணவனுக்கு அங்கே, இருபது கட்டில் போட்ட ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதிக்கும் வேலை. மனைவியை மன்னாரில் அடக்கம் செய்துவிட்டு வந்த மனிதருக்கு இருப்பது இந்த ஒரு பிள்ளைதான். அமெரிக்க விசாவை இரண்டு தடவை மறுத்துவிட்டார்கள். பேரனை அவர் இன்னும் தூக்கியதில்லை.

"ஆஸ்பத்திரியை மூடினா ரொறன்ரோவுக்கே வந்திடுவம் அப்பா" என்று செலீன் ஒருமுறை சொல்லிவைத்தாள். அன்றிலிருந்து ஓட்லி கவுன்ரி எப்போது படுக்கும் என்று காத்திருந்தார். நல்ல மனிதர்தான், தனிமை ஆளை இப்படியும் ஆக்கிவிடும். ஆஸ்பத்திரியை மூடுவதா இல்லையா என்று 1996 வைகாசியில் வாக்கெடுப்பு என்று பத்திரிகையில் கண்டதும், செவ்வாய்தோறும் வேலை முடிய இரண்டு பஸ் மாறிக் கோயிலுக்குப் போய் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினார். வேண்டுதலை வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தது, மனதுக்குள் சொன்னார். பழைய சாமான் கடையில் ஒரு சின்னக் கட்டில் வாங்கிப் பின்னறையில் போட்டும் வைத்தார்.

வாக்கெடுப்புக்கு மறுநாள் பின்னேரம் செலீன் ரெலிபோன் எடுத்தாள்.

"அப்பா, மூடேல்லை. எங்கட கவுன்ரி வெண்டிட்டுது. சனமெல்லாம் றோட்டில நிண்டு கைதட்டினது."

'எங்கட' என்றது அவருக்குச் சுட்டது. "நல்லது பிள்ளை" என்றார்.

"ஒரு உதவி அப்பா. மூடப்படாதெண்டு நான் அந்தோனியாருக்கு நேத்தி வைச்சனான். இஞ்ச கோயில் எண்பது மைலுக்கு அங்கால. நீங்கள்தான் எனக்காண்டி மெழுகுதிரி கொளுத்தவேணும்."

"கொளுத்துறன்."

அடுத்த செவ்வாயும் இரண்டு பஸ் மாறினார். வழக்கமாக நிற்கும் இடத்திலேயே நின்று ஏற்றினார்.

"இது மகளின்ர. நன்றி சொல்லச் சொன்னவள்."

இந்தமுறை வாய்விட்டே சொன்னார். பிறகு இன்னும் கொஞ்சநேரம் அங்கேயே நின்றார். தனக்கென்று கேட்க ஒன்றும் வரவில்லை.